கிளைட்டன் அண்ணாச்சி பரணியைத் தொடாத கதை

கிளைட்டன் அண்ணாச்சியை நான் முதலில் பார்த்தது அவர் வீட்டு மாடி அறையை வாடகைக்குக் கேட்கப் போனபோது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அடுப்படியில் ஒரு பெரிய பீங்கான் பரணிக்குள் மரக்கரண்டியை விட்டுக் கிண்டிக்கொண்டிருந்தார். ஏரல் பக்கத்துக் கிராமம், குடும்பத்தில் முதல் பட்டதாரி, பி.காம். முதல் வகுப்பு என்று அவர் கேட்காமலே சொன்னேன்.

"சந்தோசம். வீட்டுக்குள்ள குடிக்கக் கூடாது. அது ஒண்ணுதான் கண்டிசன்," என்றார்.

பரணியிலிருந்து வந்த வாடையில் எனக்கு லேசாகத் தலை சுற்றியது.

"இது என்ன அண்ணாச்சி?"

"இது ஒயின்லா. கிறிஸ்மஸுக்கு."

கறுப்புத் திராட்சை, சீனி, கிராம்பு, ஒரு பிடி கோதுமை. தினமும் காலை ஜெபம் முடிந்ததும் கிண்டுவார். கிறிஸ்துமஸ் அன்று தெருவில் எல்லா வீட்டுக்கும் ஒரு டம்ளர் போகும். கிரேன் ஓட்டியதைப் பற்றி அவரிடம் யாரும் கேட்டதில்லை. 'ஒயின் கிளைட்டன்' என்றால்தான் தபால்காரருக்கே தெரியும்.

நான் மாடிக்குக் குடிவந்த அடுத்த ஆண்டு மழைக்காலத்தில், கப்பலில் செகண்ட் இன்ஜினியராக இருக்கும் அவருடைய மருமகன் ஜெஃப்ரி, ஸ்பெயினிலிருந்து ஒரு சிவப்பு ஒயின் பாட்டில் கொண்டுவந்தார்.

"எட்டு வருசம் ஊறுனது மாமா. அங்க மளிகைக் கடையிலயே கெடைக்கும், வெலையும் கம்மிதான். இதுதான் உண்மையான ஒயின். சாத்தான்குளம் போய் அப்பாவப் பாத்துட்டு வாரேன், சேந்து தெறப்போம்."

'உண்மையான' என்ற சொல் அண்ணாச்சிக்கு இறங்கவில்லை. "இது என் ஒயினவிட நல்லாருந்துச்சுன்னா இனிமே நான் பரணியத் தொடவே மாட்டேன்," என்றார். பரணி போடும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

அவர் மனைவி கிருபை அக்கா, வேதப்புத்தகம் இருக்கும் அலமாரியில் அந்தப் பாட்டிலை வைக்க விடவில்லை. "லேபிள் ஒட்டுனா அது சாராயம்," என்றார். அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தார்கள்.

ஜெஃப்ரி திரும்பி வந்து பாட்டிலைத் திறந்தார். ஊற்றியது ஆற்றில் புதுவெள்ளம் வந்த மாதிரி கலங்கி இருந்தது. நாக்கில் நறநறத்தது, கசந்தது. நான் விழுங்கிவிட்டேன், படித்தவன் நாலு பேர் முன்னால் துப்பக் கூடாது.

"இப்படி இருக்காதே," என்றார் ஜெஃப்ரி. "யாரும் குலுக்குனாங்களா மாமா? பழைய ஒயின்ல அடியில கசடு இருக்கும். அசைக்கவே கூடாது."

அண்ணாச்சி டம்ளரைக் கீழே வைத்தார்.

"நான்தான். தெனமும் காலைல, ஜெபம் முடிஞ்சதும்."

"எதுக்கு மாமா?"

"ஒயின்னா கிண்டணும்லா. கரண்டி உள்ள போகல, அதான் குலுக்குனேன்."

கிருபை அக்காவுக்கு முகம் மலர்ந்தது. "சரி விடுங்க, உங்க ஒயின்தான் ஜெயிச்சிட்டு. நாளைக்கே திராட்சை வாங்கிருவோம்."

"அது எப்படிளா? நானே கெடுத்துட்டு நானே ஜெயிக்கவா?"

மிச்ச ஒயினோடு பாட்டிலை நிமிர்த்தி வைத்து, யாரும் கிட்டப் போகக் கூடாது என்றார்.

மறுநாள் மாலை ஜெஃப்ரி கசடு கலங்காமல் மேலாக வடித்து ஊற்றினார். ஒயின் தெளிந்து செங்கல் நிறத்தில் இருந்தது. எனக்குப் புளிப்பும் பழைய மரப்பெட்டி வாசமும் தெரிந்தன. அண்ணாச்சி ஒரு வாய் குடித்தார். பிறகு இன்னொரு வாய்.

"உங்களுது வேற ருசி மாமா, இது வேற ருசி," என்று ஜெஃப்ரி சமாதானம் பேசினார்.

"நல்லாருக்கு மாப்பிள. என்னுதவிட நல்லாருக்கு."

டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். மரக்கரண்டியை எடுத்துக் கிருபை அக்காவிடம் கொடுத்தார்.

"இத வச்சு நான் என்ன செய்ய?"

"கொழம்பு கிண்டு."

"தெருவுக்கு யாரு பதில் சொல்லுதது? இந்தப் புளிச்ச தண்ணியவா டம்ளர் டம்ளரா குடுக்க முடியும்? நான் கிண்டுதேன். நீங்க ஒண்ணும் தொடாண்டாம்."

இப்போதும் அவர்கள் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். ஸ்பெயின் பாட்டிலில் லேபிளைச் சுரண்டிவிட்டு நல்லெண்ணெய் ஊற்றி வைத்திருக்கிறார் கிருபை அக்கா. காலை ஜெபம் முடிந்ததும் அவர்தான் பரணியைக் கிண்டுகிறார். அண்ணாச்சி எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, கிரேனுக்குக் கீழே நிற்பவர்கள் காட்டுவதைப் போல, இறக்கு, இன்னும் இறக்கு, நிறுத்து என்று கையால் சைகை காட்டுகிறார். பரணியைத் தொடுவதில்லை.