மாப்பிள்ளை காய்ச்சிய கசப்பு

கேக் கடை மாஸ்டருக்கு ஊரில் யாரிடமும் பயம் கிடையாது, மாப்பிள்ளையைத் தவிர. மூட்டையில் லேசாக ஈரம் தட்டினால்கூட மாவு வண்டியை வந்த வழியே திருப்பி அனுப்புகிறவர் அவர். கிரீமை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார் என்றால் அடுப்படியே மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும். அப்படிப்பட்ட மனிதர், மகளைக் கட்டியவன் எதிரில் வந்துவிட்டால் பேச்சைத் தொலைத்துவிடுவார். மாப்பிள்ளை முரடனா என்றால் அதுவும் இல்லை, தங்கமான மரியாதைக்காரன். அதுதான் தொந்தரவே. முரடனாக இருந்தால் ஒரு சண்டை போட்டு முடித்திருக்கலாம். இந்த மனிதரின் ஒற்றை நாக்கை நம்பி அந்த மாப்பிள்ளை தன் பியர் கடையையே கவிழ்க்கப் பார்த்த கதை இது.

பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது. மாப்பிள்ளை முன்பு குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்த்தான். ஒருநாள் வேலையை விட்டுவிட்டு, மூடிக்கிடந்த ஒரு சலவைக் கூடத்தைப் பிடித்து அதில் சொந்தமாக பியர் காய்ச்சப் போவதாகச் சொன்னான். மாஸ்டர் யோசிக்காமல் வாயை விட்டார். நல்ல வேலையை விட்டுவிட்டு சாராயம் காய்ச்சப் போகிறீர்களா என்று கேட்டுவிட்டார். அதற்கப்புறம் நான்கு மாதம் மகள் அப்பா வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஒரே மகள். அந்த நான்கு மாதத்தில் மாஸ்டர் சுட்ட கேக்கெல்லாம் எப்படி இருந்தது என்று அவர் மனைவியைத்தான் கேட்க வேண்டும். பிறகு சமாதானமாகி, ஞாயிற்றுக்கிழமை தோறும் சலவைக் கூடத்துக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தபோது, இனி மாப்பிள்ளையிடம் நல்லதைத் தவிர வேறு வார்த்தை பேசுவதில்லை என்று அவர் முடிவு செய்துகொண்டார்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே சோதனை வந்தது. மாப்பிள்ளை உயரமான கண்ணாடிக் கிளாஸில் பொன்னிறமாக ஊற்றி, நுரை அடங்கும்வரை காத்திருந்து, இரண்டு கையாலும் பிடித்துக் கொடுத்தான். மாஸ்டர் அதுவரை பியர் குடித்தது கல்யாண வயதுக்கு முன்னால் இரண்டொரு தடவை. பழச்சாறு குடிப்பதுபோல் ஒரு வாய் இழுத்தார். முதலில் ஆரஞ்சுத் தோலைக் கிள்ளினால் வருமே, அந்த வாசனை வந்தது. பரவாயில்லையே என்று நினைத்து முடிப்பதற்குள் பின்னாலேயே கசப்பு வந்தது. சில கசப்பு நாக்கோடு போய்விடும். இது தொண்டைவரை இறங்கி, அங்கே காலை நீட்டி உட்கார்ந்துகொண்டது. விளக்கெண்ணெய் குடித்த முகத்தை எப்படிச் சிரித்த முகமாக மாற்றினார் என்பது அவருக்கே ஆச்சரியம்.

எப்படி இருக்கிறது என்று மாப்பிள்ளை கேட்டான். நன்றாக இருக்கிறது என்றார். அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. வெறுமனே நன்றாக இருக்கிறது என்றால் சும்மா சொல்கிறார் என்று நினைத்துவிடுவானோ என்று பயந்து, தொழில் தெரிந்தவர் மாதிரி ஒரு வார்த்தை சேர்த்தார்.

"இன்னும் கொஞ்சம் தூக்கலா இருந்தாலும் தாங்கும் மாப்ள."

மாப்பிள்ளையின் முகம் மலர்ந்தது. அவன் உள்ளே போன நேரம் பார்த்து மாஸ்டர் மிச்சத்தைத் தரையோரச் சாக்கடையில் விட்டார். சலவைக் கூடத்துத் தரை அதற்கென்றே சரித்துப் போட்டதுபோல் எல்லாவற்றையும் அழகாக இழுத்துக்கொண்டது.

அடுத்த தடவை காய்ச்சிய பியர் இன்னும் கசந்தது. மாமா சொன்னதால் சேர்த்தேன் என்றான் மாப்பிள்ளை. நாற்பது வருஷம் ருசி பார்த்த நாக்கு சொல்கிறதென்றால் சும்மாவா என்று மகளிடமும் சொல்லியிருக்கிறான். மாஸ்டருக்குத் திக்கென்றது. ஆனால் இப்போது பின்வாங்கினால் முதலில் சொன்னது பொய்யாகிவிடும். சரியான பதத்துக்கு வந்துகொண்டிருக்கிறது என்று தலையை ஆட்டினார். இப்படியே வாரம் ஒரு கிளாஸ், மாதம் ஒரு காய்ச்சல் என்று போனது. ஒவ்வொன்றும் முந்தினதை விடக் கசப்பு.

சும்மா உட்கார்ந்திருக்கக் கூச்சப்பட்டு அவர் கூடமாட ஒத்தாசை செய்யத் தொடங்கினார். முளைகட்டிக் காயவைத்த பார்லியை வெந்நீரில் ஊறவைத்து வடித்த சாற்றை மாப்பிள்ளை ஒரு நாள் கரண்டியில் கொடுத்தான். தேனாக இருந்தது. இதை இப்படியே விற்றால் என்ன என்று மாஸ்டருக்குத் தோன்றியது. அடுத்த வாய் குடித்தபோது திகட்டியது. மூன்றாவது வாய்க்கு மனசு வரவில்லை. பிறகு மாப்பிள்ளை ஹாப் பூவைக் காட்டினான். சுண்டுவிரல் நுனி அளவில், பச்சைச் செதில் செதிலாக, கசக்கினால் கையில் பிசினாக ஒட்டும் காய்ந்த பூ. சாறு கொதிக்கத் தொடங்கும்போதே போட்டால் வாசனை எல்லாம் ஆவியோடு போய்க் கசப்பு மட்டும் இறங்கும், இறக்கும் நேரத்தில் போட்டால் கசப்பு அதிகம் ஏறாமல் வாசனை நிற்கும் என்று விளக்கினான். எப்போது போடுவது, எவ்வளவு போடுவது என்பதில்தான் தொழிலே இருக்கிறது என்றான்.

இதைக் கேட்டு மாஸ்டர் உண்மையாகவே தலையை ஆட்டினார். அவருக்குக் கேரமல் தெரியும். சர்க்கரையைக் காய்ச்சும்போது பொன்னிறத்தில் இறக்கினால் அது வெறும் பாகு. இன்னும் ஒரு கொதி விட்டு, ஓரத்தில் கசப்பு எட்டிப் பார்க்கும்போது இறக்கினால்தான் கேரமல். இனிப்பைத் திகட்டாமல் பிடித்து நிறுத்துவதே அந்தக் கசப்புதான். இவ்வளவு நாள் தன் கையாலேயே கசப்பைக் காய்ச்சிக்கொண்டு, கசப்பே தெரியாதவன்போல் இருந்திருக்கிறோமே என்று நினைத்தார். அன்றைக்குக் கொஞ்சம் மெதுவாகக் குடித்துப் பார்த்தார். விழுங்கியபின் வாயைத் திறந்து மூச்சு விட்டால் பைன் மரப் பட்டை மாதிரி ஒரு வாசம் திரும்பி வந்தது.

எந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சாக்கடைக்கு அவர் பங்கு போகாமல் நின்றது என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

இதற்கிடையே கூடத்தின் முன்பக்கம் போட்டிருந்த பியர் கடை காற்றாடத் தொடங்கியது. அங்கே மேசை துடைத்து, பியர் எடுத்துக் கொடுப்பது மகள். வருகிறவர்கள் ஒரு கிளாஸ் வாங்குகிறார்கள், பாதியை வைத்துவிட்டுப் போகிறார்கள். கழுவப் போகும் கிளாஸ்களில் பாதி பியராக இருப்பதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு வயிறு எரிந்தது. கசப்பைக் குறைக்கலாமே என்று புருஷனிடம் சொன்னால், வருகிறவர்களுக்கு ருசி தெரியவில்லை, உன் அப்பாவுக்குத் தெரிகிறது என்கிறான். அவன் நாக்கும் தினம் தினம் குடித்துக் குடித்து மரத்துப் போயிருந்தது என்பதை அவள் எப்படிச் சொல்வாள்? கடைசியில் ஊருக்கு வெளியே இருக்கிற பெரிய ஓட்டலிலிருந்து ஓர் ஆள் வந்தான். விருந்தினர்களுக்கு ஒரு பீப்பாய் கொடுத்துப் பார்ப்போம், அவர்களுக்குப் பிடித்தால் மாதா மாதம் எடுத்துக்கொள்கிறோம் என்றான். அவர்களுக்குப் பிடிக்காவிட்டால் கூடத்தை மூடிவிட்டு, மாப்பிள்ளை பழைய வேலையைக் கேட்டுப் போய் நிற்க வேண்டியதுதான். இதை மகள் அப்பாவிடம் அழாத குறையாகச் சொன்னாள். தன் பிடிவாதத்தால் கசப்புக் குறைவாகவும் ஒரு பீப்பாய் காய்ச்சி வைத்திருப்பதாகவும், ஞாயிற்றுக்கிழமை அப்பா எதைக் கைகாட்டுகிறாரோ அதுதான் ஓட்டலுக்குப் போகும் என்றும் சொன்னாள்.

"நீங்க சொன்னாத்தாம்பா கேப்பாரு. அந்தக் கம்மிக் கசப்பை நல்லா இருக்குன்னு சொல்லிடுங்க, போதும்."

சரி என்றார் மாஸ்டர். ஒரு பொய்தானே, இத்தனை சொன்னவருக்கு இன்னொன்று பாரமா?

அந்த வாரம்தான் கடையில் ஒரு விஷயம் நடந்தது. கேரமல் புட்டிங் வாங்கிப் போனவர்கள் இரண்டு பேர் ஒரே நாளில் திருப்பிக் கொண்டுவந்தார்கள். கல்லாவில் இருந்த மனைவி ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்து, அப்படியே துப்பினாள்.

"என்னங்க இது, கரிய விட்டிருக்கீங்க."

மாஸ்டர் தின்று பார்த்தார். அருமையாக இருந்தது. இப்போதுதான் பதம் என்று தோன்றியது. மனைவிக்கு வயதாகி நாக்கு செத்துவிட்டது என்று சொல்ல வாயெடுத்தவர், அடுப்படியில் தன்னோடு இருபது வருஷமாக நிற்கும் கூட்டாளியைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லச் சொன்னார். கூட்டாளி தரையைப் பார்த்தான். இரண்டு மாதமாகவே பாகு கரிகிறது என்றும், மாஸ்டர் நாக்கில் வைத்துச் சரி என்றபின் தான் என்ன சொல்வது என்று பேசாமல் இருந்துவிட்டதாகவும் மென்று விழுங்கினான். மாஸ்டருக்குச் சுருக்கென்றது. கோபம் வந்தது, அதுவும் கூட்டாளி மேல் இல்லை. அவன் செய்ததைத்தானே அவரும் ஞாயிற்றுக்கிழமை தோறும் போய்ச் செய்துவிட்டு வந்தார். அவன் வாயைத் திறக்காமல் இருந்தான். இவர் வாயைத் திறந்து புளுகினார். கரிந்த புட்டிங்கை எல்லாம் தன் கையாலேயே எடுத்துக் கொட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை இரண்டு கிளாஸை மேசையில் வைத்தான். மகள் துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் முதலில் கசப்புக் குறைந்ததை எடுத்தார். ஆரஞ்சு வாசனை வந்தது, லேசாக ஒரு கசப்பு தலையைக் காட்டியது, போய்விட்டது. வீட்டுக்கு வந்தவர் வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போனதுபோல் இருந்தது. பிறகு மற்றதைக் குடித்தார். இதில் கசப்பு வந்தது, தங்கியது, அதற்கடியிலிருந்து பார்லியின் இனிப்பு மெல்ல மெல்ல எழுந்து வந்தது. எவ்வளவு நல்ல பியர் என்று முதல்முறையாக அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. இவ்வளவு கெட்டிக்காரனைப் போய் அன்றைக்கு அப்படிக் கேட்டோமே என்று கண் கலங்கியது. மகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கம்மிக் கசப்பு நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். சொன்னால், அடுத்த காய்ச்சலுக்கும் மாப்பிள்ளை இந்த நாக்கைத்தான் கேட்டுக்கொண்டு நிற்பான்.

"மாப்ள, எனக்கு இந்தக் கசப்புதான் பிடிச்சிருக்கு. அதனாலதான் சொல்றேன், இதை ஓட்டலுக்கு அனுப்பாதீங்க."

மாப்பிள்ளைக்குப் புரியவில்லை. மாஸ்டர் நிற்காமல் சொல்லி முடித்தார். முதல் கிளாஸை எங்கே ஊற்றினார், எதற்காகத் தூக்கலாக வேண்டும் என்றார், அதன்பின் எத்தனை கிளாஸ் அதே வழியில் போனது, அந்த வாரம் கேரமல் கரிந்தது வரை எதையும் விடவில்லை. இந்த ருசி தன் வாய்க்குப் பிடிபட ஒன்றரை வருஷம் ஆனது என்றார்.

"ஓட்டலுக்கு வர்றவங்களுக்கு ஒன்றரை வருஷம் கிடையாது மாப்ள. ஒரே ஒரு கிளாஸ்தான்."

மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை. பிறகு குரலை உயர்த்தாமலே கேட்டான்.

"வந்தவங்க எல்லாரும் மூஞ்சியைச் சுளிச்சப்போ, மாமா ஒருத்தருக்காவது பிடிக்குதேன்னு நெனச்சுத்தான் காய்ச்சினேன். இப்ப பிடிச்சிருக்குன்னு சொல்றீங்களே, இதை மட்டும் நான் எப்படி மாமா நம்புறது?"

நம்ப வேண்டாம், கசப்பை மட்டும் குறையுங்கள் என்று சொல்லிவிட்டு மாஸ்டர் எழுந்து வீட்டுக்கு நடந்தார். மகள் வீடு இனி தனக்கில்லை என்றே வழியெல்லாம் நினைத்தார். சொன்னது சரி என்று தெரிந்திருந்தும் மனசு ஆறவில்லை.

ஓட்டல்காரர்களுக்குக் கசப்புக் குறைந்த பியர் பிடித்துப்போனது. அந்த வருஷம் கூடத்தில் இருந்த மூன்று தொட்டியிலும் அதையேதான் காய்ச்ச வேண்டியிருந்தது. முன்பக்கத்திலும் மேசை கிடைக்காத அளவுக்குக் கூட்டம். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குச் சில வாரம் பொறுத்து, அப்பா ஏன் வரவில்லை என்று மாப்பிள்ளை கேட்கிறார் என்று மகள் சொல்லி அனுப்பினாள். மாஸ்டர் போனார். மாப்பிள்ளை வாங்க மாமா என்றான், ஒரு கிளாஸ் ஊற்றி வைத்தான், எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்கவில்லை. அடுத்த வாரமும் கேட்கவில்லை. பழைய மாஸ்டராக இருந்தால் தானாகவே ஆகா ஓகோ என்று புகழ்ந்து அந்த இடைவெளியை அடைத்திருப்பார். அவர் பேசாமல் குடித்துவிட்டு வந்தார்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அவரால் முடியவில்லை. கிளாஸைப் பாதியில் கீழே வைத்தார்.

"சப்புன்னு இருக்கு மாப்ள. எனக்குப் பிடிக்கல."

தொட்டியின் மூடியை முறுக்கிக்கொண்டிருந்த மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தான். முன்பக்கத்திலிருந்து சிரிப்பும் கிளாஸ் சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தன. கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு மாமனார் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எனக்கும் பிடிக்கல மாமா" என்றான்.