அப்பாவுக்குச் சொல்லாத கொலையாளி

நேற்று அறந்தாங்கி பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் ஒரு பழைய துப்பறியும் நாவலைப் படித்துக்கொண்டு வந்தாள். இருபது வருடமாகத் துப்புத் துலங்காத ஒரு கொலையின் கதை. அட்டையைப் பார்த்ததுமே எனக்கு ஆஸ்பத்திரி டெட்டால் வாசனை வந்துவிட்டது.

அப்போது எனக்குப் பதினொரு வயது. இருதய ஆபரேஷனுக்குக் காத்திருந்த அப்பா கட்டிலில் படுத்தபடி அந்த நாவலைத்தான் படித்தார். அவர் தூங்கும்போதெல்லாம் எடுத்து, நான் முந்திப் படித்து முடித்துவிட்டேன். ஸ்ட்ரெச்சர் வந்தபோது அவருக்குக் கடைசி அத்தியாயம் பாக்கி.

"கொன்னது யாருன்னு சொல்லிரு ஆத்தா. தெரியாமலே போயிட்டா மனசு அடிச்சுக்கும்" என்று சிரித்தார்.

"சொல்ல மாட்டேன். நீங்களே வந்து படிங்கப்பா."

"பிடிவாதம் பண்ணாதடி, சொல்லிரு" என்று அம்மா அழுதாள். சொல்லிவிட்டால் அவர் திரும்பி வர ஒரு காரணம் குறைந்துவிடுமோ என்று பயந்து, நான் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கண் விழித்தவர் என்னைப் பார்த்து மெல்லக் கேட்டார்: "தோட்டக்காரன்தானே?"

"இல்லையே!"

அந்த வாரத்தில் அம்மா சிரித்தது அப்போதுதான்.

அதன்பிறகு அப்பா இருபத்தாறு வருடம் எங்களோடு இருந்தார். என் மகளின் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க ஓடினார். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, அன்று ஆபரேஷன் செய்த, பெயர் மறந்துபோன அந்த டாக்டருக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.