என் ஹொலண்ட் பயணத்தின் மரண அறிவித்தல்

உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவருக்கும் ஆழ்ந்த துயரத்துடன் அறியத்தருவது: எனது ஹொலண்ட் பயணம் இன்று மதியம் பள்ளிக்கூட நூலகத்தில் காலமானது.

மாணவர் பரிமாற்றத்தில் இரண்டு கிழமை அங்கே போய்ப் படிக்க, எங்கள் வகுப்பில் ஒருவருக்குத்தான் இடம். நேர்முகம் வைத்துத் தெரிவு செய்ய ஹொலண்டிலிருந்தே ஓர் ஆசிரியை வந்திருந்தார்.

நான் ஒரு பகிடியைத் தயாராக வைத்திருந்தேன். கனடாவின் இந்த ஸ்காபரோவில் என்னை விட்டால் யாருக்கு இப்படி வரும்? காலையில் பஸ்ஸில் என் உயிர்த்தோழன் ரஜீவனுக்கு நடித்தே காட்டினேன்.

"மிஸ், உங்கட ஆக்கள் கேக்காமலே யாழ்ப்பாணம் வந்து கோட்டை கட்டினவை. நான் கேட்டிட்டுத்தான் வாறன். இரண்டு கிழமை போதும்."

ரஜீவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

நேர்முகத்துக்கு அவனைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். ஆசிரியை சிரித்த சத்தம் வெளியே நின்ற எனக்குக் கேட்டது.

பிறகு நான் போய், "கோட்டை" என்று தொடங்கியதும், "ஓ, நீயுமா?" என்றார்.

இடம் ரஜீவனுக்கு.

"டேய், உது என்ர பகிடியடா!"

"ஓமடா, நல்லா வேலை செய்தது. போஸ்ட்கார்ட் போடுறன்."

துரோகி! நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

சொல்லுமுன் ஒரு சின்ன விஷயம். அந்தப் பகிடியைப் போன கிழமை எனக்குச் சொன்னவர் ரஜீவனின் அப்பா.