வாய் வீங்கிய மீன்

என் மனைவி குவைத்தில் நர்ஸ். மகளைத் திருச்சியில் விடுதியில் சேர்த்த வருடம், இலுப்பூர் வீட்டில் நான் மட்டும் மிஞ்சினேன். லீவில் வந்தவள், வீடு இப்படி ஓய்ந்து கிடக்கக் கூடாது என்று ஒரு கடல்நீர்த் தொட்டி வாங்கிவைத்தாள். அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் வரவேற்பறையில் அப்படி ஒன்று இருக்கிறதாம். பவளப்பாறையும், மணலில் வளை தோண்டி வாழும் மீனும் அதே மாதிரி வேண்டும் என்றாள்.

சென்னைக் கடைக்காரர் ஒருவர் உப்பும் மணலும் அனுப்பினார். மீன்கள் ஒரு ஜோடி, ஆக்சிஜன் அடைத்த பைகளில் பஸ்ஸில் வந்து சேர்ந்தன. விரல் நீளம், வெளிர்நீல உடம்பு, மஞ்சள் தலை, முகத்துக்குப் பொருந்தாத பெரிய வாய். இறக்கிவிட்ட அன்றே இரண்டும் வாயால் மணலை அள்ளி வெளியே துப்ப ஆரம்பித்தன. கிளிஞ்சல் துண்டுகளைக் கவ்விக் கொண்டுவந்து வளைக்குச் சுவர் கட்டின. பகலெல்லாம் வளைக்கு நேர் மேலே நின்றவாக்கில் மிதக்கும். ஆள் அசைந்தால் வால் முதலில் போக உள்ளே இறங்கி, கண்ணை மட்டும் வெளியே வைத்துக்கொள்ளும்.

தொட்டி வருவதற்கு முன் எங்கள் போன் பேச்சு சாப்பிட்டாச்சா, மகள் பேசினாளா என்பதோடு தீர்ந்துவிடும். பிறகு அப்படியில்லை. அவள் டியூட்டி முடிந்து வீடியோவில் வந்ததும் போனைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடிப்பேன். எது எந்தக் கல்லைத் தூக்கியது, எது எதை விரட்டியது என்று பேசிக்கொண்டிருப்போம். அங்கே அவளோடு அறையில் இருக்கும் மற்ற நர்சுகளும் எட்டிப் பார்ப்பார்கள்.

அடுத்த வருடம் ஆண்மீன் இரை எடுப்பதை நிறுத்தியது. இறாலைப் பொடியாக நறுக்கிப் போட்டேன். பக்கத்தில் மிதந்து வந்தும் தொடவில்லை. வளையின் வாசலிலேயே கிடந்தது, தாடை உப்பிப்போயிருந்தது. அவளிடம் காட்டினேன். போனை அங்கிட்டுத் திருப்புங்க, இங்கிட்டுத் திருப்புங்க என்று வெகுநேரம் பார்த்தாள்.

"கட்டி மாதிரி தெரியுதுங்க. இன்பெக்‌ஷனாத்தான் இருக்கும். தனியா எடுத்து வச்சு மருந்து போடணும்."

ரெண்டு நாள் பார்க்கலாமே என்றேன். பார்த்துக்கொண்டே இருந்து கைவிட்டுப்போன நோயாளிகள் எத்தனை பேர் என்று அவள் சொன்னாள். அவள் பார்த்ததை நான் பார்த்ததில்லை. கடைக்காரர் போனை எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் வேலையைத் தொடங்கினேன். போனை நாற்காலியில் சாய்த்துவைத்தேன், அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். வளைக்கு மேலிருந்த பாறையைத் தூக்கி, கையை விட்டு மணலைப் பறித்தேன். தண்ணீர் கலங்கியது. மீன்கள் கட்டிய சுவர் அப்படியே சரிந்தது. சிறு வலையில் மீனைப் பிடித்து, தொட்டித் தண்ணீரே நிரப்பிய வாளியில் விட்டேன்.

அது வாயைத் திறந்தது. உருண்டையாக ஏதோ வெளியே விழுந்து வாளியின் அடியில் உட்கார்ந்தது. சீழ் என்றுதான் நினைத்தேன். குனிந்து பார்த்தேன். கடுகைவிடச் சின்னதாக நூற்றுக்கணக்கில் முட்டைகள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. ஒவ்வொன்றுக்குள்ளும் வெள்ளியாய் இரண்டு புள்ளி.

போனை எடுத்து வாளிக்கு மேலே பிடித்தேன்.

"கண்ணெல்லாம் வந்துருச்சேங்க," என்றாள். டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டாள்.

மீனை முட்டைகளுக்குப் பக்கத்திலேயே நகர்த்திப் பார்த்தேன். அது வாளியின் ஓரத்தில் ஒடுங்கிக் கிடந்ததே தவிர, திரும்ப அள்ளிக்கொள்ளவில்லை. முட்டைகளைத் தனியாக ஒரு வலையில் போட்டுக் காற்றுக்குழாய் வைத்தேன். மறுநாள் காலையில் எல்லாம் வெளுத்துப்போயிருந்தன. பிறகுதான் தெரிந்துகொண்டேன், அந்த இனத்தில் ஆண்தான் வாய்க்குள் வைத்து அடைகாக்குமாம். அந்த நாட்களில் இரை எடுக்காதாம். இன்னும் ஓரிரு நாள் விட்டிருந்தால் குஞ்சுகள் பொரிந்திருக்கும்.

தொட்டிக்குத் திரும்பிய ஆண்மீன் வேறொரு மூலையில் வளை தோண்டியது. இரையும் எடுத்தது. ஆனால் இரண்டும் அதற்குப் பிறகு ஒரே வளையில் இருந்து நான் பார்க்கவில்லை. முட்டையும் இடவில்லை. அதற்கடுத்த கோடையில் தண்ணீரைக் குளிரவைக்கும் மெஷின் பழுதாகி, அதைச் சரிபார்க்க ஆள் கிடைப்பதற்குள் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டும் போயின.

லீவில் வந்தபோது அவளே தொட்டியைக் காலிபண்ண உட்கார்ந்தாள். மணலை வாளி வாளியாக அள்ளிக் கொடுத்தாள், நான் சாக்கில் கொட்டினேன். பாதியில் கையை நிறுத்தினாள்.

"வார்டுல ஒரு நோயாளியக்கூட போன்ல பாத்து மருந்து சொல்ல மாட்டேன். வீட்டு விஷயம்னா மட்டும் எல்லாத்தையும் போன்லயே பாத்து முடிவு பண்ணிட்டேன்."

மகளைப் பற்றியும் சேர்த்துத்தான் சொல்கிறாள் என்று பட்டது. விடுதி, படிப்பு, எல்லாம் அப்படித்தான் முடிவாயின. "நானும்தான சரின்னேன்," என்றேன். அவள் தலையசைத்துவிட்டு மறுபடி மணலை அள்ளினாள்.

அவள் குவைத்துக்குத் திரும்பிப் போய்விட்டாள். உப்பேறிய மணல் எந்தச் செடிக்கும் ஆகாது என்பதால் சாக்கு கொல்லையில் அப்படியே கிடக்கிறது. சாயங்காலம் போன் வரும். சாப்பிட்டாச்சா என்று கேட்பாள்.