ரோசிக்குக் கிடைத்த டிக்கட்

மருமகள் இருந்தாள். லயத்தில் அடுத்த காம்பராவில் குடியிருக்கும் சிங்களப் பெண் கமலா நங்கி இருந்தாள். வேலை முடிந்து வந்த மகன் கட்டிலில் படுத்திருந்தான். நான் வாசற்படியில் இருந்தேன். சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ரோசி போனில் முகத்தைக் காட்டினாள்.

"அக்கா, நான் எங்க இருக்கேன், சொல்லு பாப்போம்?"

அவளுக்குப் பின்னால் பச்சைப் புல். புல்லில் வெள்ளைக் கோடு. சுற்றிலும் சனம்.

"லண்டன் டென்னிஸ்க்கா! டிக்கட் எடுத்து உள்ளுக்கே வந்துட்டேன்."

கமலா நங்கி வாயில் கை வைத்தாள். "அனே! நம்ம ரோசியா அக்கே?"

நம்ம ரோசிதான். ருவான்வெல்லைப் பக்கம் என்னோடு றப்பர் பால் வெட்டியவள். இப்போது கொழும்பில் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கிறாள். அந்த வீட்டார் லீவுக்கு லண்டன் போகும்போது அவளையும் கூட்டிப் போனார்கள். அந்த வேலைக்கு முதலில் என்னைத்தான் கேட்டு வந்தார்கள். மகனுக்குப் பெண் பேசிக்கொண்டிருந்த நேரம். ரோசியைக் கைகாட்டினேன். யாரும் சொல்லவில்லை. நானாகத்தான்.

டிக்கட் கிடைத்த கதையைக் கேளுங்கள். விடியப் போய் வரிசையில் நிற்க வேண்டுமாம். வீட்டுக்காரச் சார் நம் நாட்டு வழக்கப்படி ரோசியை நிற்க வைத்துவிட்டுத் தூங்கியிருக்கிறார். இங்கே எந்தத் துரை வரிசையில் நின்றார்? ஆள் நிற்கும். துரை வந்ததும் ஆள் விலகும். நாங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பால் நிறுக்கிற இடத்தில் வாளியை வரிசையில் வைத்துவிட்டு நிழலுக்குப் போகிறவர்கள். லண்டனில் அது செல்லாதாம். நின்றவருக்குத்தான் டிக்கட், மாற்ற முடியாது என்றார்களாம். சார் வரிசையின் கடைசிக்குப் போனார். தனக்குக் கிடைக்காது என்று தெரிந்ததும் தன் பேங்க் கார்டை ரோசி கையில் கொடுத்து, நீயாவது போ என்றாராம். நல்ல மனுஷன். அதுவும் எனக்கு எரிந்தது.

பொறாமை என்றே எழுதுகிறேன். வேறு பேர் வைத்து என்ன.

போனில் அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் சுண்ணாம்பு மணந்தது. அப்போது எங்கள் தோட்டத்துக் கிளப்பில் ஒரு டென்னிஸ் கோர்ட் இருந்தது. புல் இல்லை, செம்மண். சனிக்கிழமை பால் வெட்டி முடித்து நானும் ரோசியும் கூட்டப் போவோம். றப்பர்க் கொட்டை வெடிக்கிற காலத்தில் வேலை இரட்டிப்பு. கூட்டி முடித்துத் திரும்பினால் பட்டென்று நாலு கொட்டை விழும். பந்தை மட்டும் தொடக் கூடாது. எங்கள் கையில் பால் பிசின், பந்தில் ஒட்டும் என்பார் துரை.

துரைமார் விளையாட வந்ததும் ரோசி மரத்தடியில் தூங்கிவிடுவாள். நான் தூங்க மாட்டேன். சொன்னால் சிரிப்பீர்கள். மடியில் கொட்டை வைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் ஜெயித்தால் ஒன்று இங்கே, அந்தப் பக்கம் ஜெயித்தால் ஒன்று அங்கே என்று தரையில் வைப்பேன். அப்படித்தான் கணக்குப் பிடிபட்டது. மூன்றும் மூன்றும் சமமாகிவிட்டால் அடுத்தடுத்து இரண்டு எடுத்தவருக்கே ஆட்டம். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

"தொரைமாரு ஆட்டத்துக்கு நீ என்னத்துக்குக்கா காவல் இருக்க?" என்று ரோசி கொட்டாவி விடுவாள்.

அந்த ரோசிதான் போனில் கேட்டாள்.

"அக்கா, ஒண்ணுமே வெளங்கல. பதினஞ்சுங்கிறான், முப்பதுங்கிறான். சமம்னு நிக்கிறாங்க, முடிய மாட்டேங்குது. இது எப்பிடிக்கா? ஒன்னயத்தான் நெனச்சேன். ஒனக்குத்தான் எல்லாம் தெரியுமே."

பதில் நாக்கு நுனி வரை வந்தது.

"எனக்கு என்னடி தெரியும்? மறந்து போச்சு."

"ஒனக்கா?"

"தெரியலன்னா விடேன். அடுப்புல சோறு இருக்கு."

போனை மருமகளிடம் நீட்டினேன். சோறு வடித்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. போன் அணைந்த பிறகு மருமகள் கேட்டாள்.

"மாமி, நேத்து டிவியில இந்த மேட்ச் ஓடயில நீங்கதானே எங்களுக்கு வெளங்கப்படுத்தினீங்க?"

மகன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். கமலா நங்கி, "நான் போய் வாறேன் அக்கே," என்று எழுந்தாள்.

மறுநாள் ரோசி பேசி அனுப்பிய குரல் போனில் வந்திருந்தது. கோபம் துளியும் இல்லை. "அக்கா, பக்கத்துல ஒரு வெள்ளக்காரம்மா விரல் விட்டு எண்ணியே சொல்லித் தந்தா. இப்ப எனக்கும் வெளங்கிருச்சு. நீ கவலப்படாத."

வேலை விட்டதும் கோர்ட் இருந்த இடத்துக்குப் போனேன். கிளப்புக்குக் கூரை இல்லை. செம்மண்ணில் அன்னாசி வைத்திருக்கிறார்கள். வலை கட்டிய இரும்புத் தூணையும் யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

ரோசி கொழும்பு திரும்பிவிட்டாள். கொழும்புக்குப் போன நாளிலிருந்து ஞாயிறு தவறாமல் எனக்குப் போன் எடுத்துப் பேசியவள்தான். இப்போது அவளாக எடுப்பதில்லை. நான் எடுத்தால், "வேலையா இருக்கேன்க்கா, பொறவு பேசுறேன்," என்கிறாள். மரியாதையாகத்தான்.

பதினொரு ஞாயிறு ஆகிவிட்டது.