தூசியாரின் வளையம்

ஸ்கூட்டர் டியூபில் காற்றடித்துக் கழுத்தில் மாட்டியாகிவிட்டது. இனிமேல்தான் தூசியாருக்கு மூளை ஓடும். வானியல் ஆய்வு நிலையத்தின் மூன்றாம் மாடிக்குப் புதிதாக வருகிறவர்கள், பாவம் கழுத்துவலி போலிருக்கிறது என்று தைலத்தின் பெயரைச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

"நடுவுல என் தலை இருக்குல்ல, அதுதான் கருந்துளை. டியூபுதான் தூசி," என்று அவரும் சலிக்காமல் விளக்குவார். தொலைதூர விண்மீன் மண்டலங்களின் நடுவே, தீராப் பசியோடு ஒரு கருந்துளை. அதைச் சுற்றி வளையமாகத் தூசி. நடுவிலிருந்து வரும் ஒளியை அது விழுங்கி, அகச்சிவப்பு வெப்பமாக வெளியே விடுகிறது. அந்த வெப்பத்தை வைத்து, தூசி எந்த வடிவில் கிடக்கிறது என்று கணினியில் மாதிரி கட்டுவது இவருடைய பிழைப்பு.

வேடிக்கை என்னவென்றால், தூசி இவருக்கு ஆகாது. பக்கத்து அறையில் பாய் உதறினாலும் இங்கே ஏழு தும்மல். "அண்டத்துத் தூசியோட குடித்தனம் பண்றாரு, கட்டிலுக்கடியில கூட்டச் சொன்னா ஓடுறாரு," என்பது பல் மருத்துவரான அவர் மனைவியின் நெடுநாள் வழக்கு.

அறைக் கரும்பலகையில் பதினோரு வருடமாக அதே வளையம். அதற்கு மேலேயும் கீழேயும் 'இங்கே தூசி இல்லை' என்று அவர் கையெழுத்து. அந்த வரியை நம்பித்தான் அவருடைய கட்டுரைகள் அத்தனையும்.

இன்று மூன்று மணிக்குக் கூட்டம். புதிய தொலைநோக்கியின் படங்களில் வளையத்துக்கு மேலேயும் கீழேயும் வெப்பம் தெரிகிறது. மாதிரி நிற்குமா, விழுமா என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

"கருவியிலதாம்மா கோளாறு," என்றார் தூசியார், சுண்ணக்கட்டியால் வளையத்தை இன்னும் அழுத்தி வரைந்துகொண்டே. பொடி உதிர்ந்து டியூபின் மேல் படிந்தது.

"மூணு தடவை சரிபாத்துட்டேண்ணா. கருவி நல்லாத்தான் இருக்கு," என்றார் படங்களை அலசிய பக்கத்து மேசைப் பெண்.

"பதினோரு வருஷமா இல்லாத தூசி இன்னிக்கு எங்கருந்து..."

தும்மல் வந்துவிட்டது. ஒன்றல்ல, ஏழு. டியூபிலிருந்த பொடி ஜன்னல் வெயிலில் அவர் தலைக்கு மேலே புகையாய் எழும்பியது; கீழே கால்சட்டை வரை வெள்ளை. நடுவில் டியூப் மட்டும் துடைத்துவிட்டாற்போல் பளபளத்தது.

பக்கத்து மேசைப் பெண் பென்சிலால் மேலே ஒரு தரம், கீழே ஒரு தரம் காட்டினார்.

தூசியார் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். மேலே பார்த்தார், கால்சட்டையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாக இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

"நடுவுலருந்து ஊதினா வேற எங்கதான் போகும், சனியன்," என்று முனகியபடி பலகை அருகே போய், அதே கைக்குட்டையால், மேலே இருந்த 'இல்லை'யையும் கீழே இருந்த 'இல்லை'யையும் மட்டும் துடைத்தார்.