பெட்டிக்காரி ஜெயித்த பந்தயம்

அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அலுவலகத்தில் அதை யார் சீந்துகிறார்கள்? எல்லோருக்கும் அவள் பெட்டிக்காரி. கட்டப்போகும் வீடும் கடையும் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே படமாகவும் வீடியோவாகவும் செய்துகொடுக்கிற இடம் அது. ஆட்கள் வரைந்து முடித்ததும், எந்த ஜன்னலில் எவ்வளவு வெயில் விழும், எந்தத் தூணின் நிழல் எங்கே சாயும் என்று கணக்குப் போட்டுப் படத்தை முழுமையாக்குவது உள்ளறையில் சின்ன பீரோ மாதிரி நிற்கும் பழைய சர்வர் கம்ப்யூட்டர். அதைத் துடைத்து, தூசி தட்டி, வேலை கொடுத்து வாங்குவது இவள்.

படம் சீக்கிரம் வந்துவிட்டால் வரைந்தவருக்குக் கைதட்டல். தாமதமானால் இவளுக்கு வசவு.

"என்னம்மா, உன் பெட்டி தூங்குதா?"

"நானா கணக்குப் போடறேன்? பேப்பரும் பென்சிலும் குடுங்க, போட்டுத் தொலைக்கிறேன்!"

இப்படி மூக்கின் மேல் கோபத்தை வைத்துக்கொண்டு அவள் ஏன் அங்கேயே கிடந்தாள் என்றால், அலுவலகத்தின் பின்கதவைத் திறந்தால் சந்து, சந்து முடிந்தால் வீடு. வீட்டில் அண்ணன். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோன மனிதர். மத்தியானம் ஓடிப்போய் அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, சோறு ஊட்டி, வாய் துடைத்துவிட்டு ஓடிவருவாள்.

"வந்துட்டாங்கய்யா மகாராணி. பசி உயிர் போகுது."

"கை கால் எல்லாம் போச்சு, இந்த வாயை மட்டும் வாதம் தொடலையே!"

இருவரும் சிரித்துக்கொள்வார்கள். வேறு ஆள் வைக்க வழியில்லை. அந்தச் சந்து இருக்கிற வரைக்கும்தான் அவள் பிழைப்பு.

அதற்கும் வந்தது வினை, முதலாளியின் மச்சான் உருவத்தில். முதலாளிக்கு மச்சான் என்றால் அலுவலகத்துக்கே மச்சான் என்று அவனுக்கு நினைப்பு. ஒரு நாள் காலையில் புது லேப்டாப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தான்.

"அத்தான், இதுல இருக்கிற பிராசஸர் இப்பதான் கடைக்கு வந்தது. உங்க சர்வர்ல இருக்கிறது எங்கக்கா கல்யாணத்தப்ப வந்தது. ரெண்டையும் ஓட விட்டுப் பாருங்க. அது தோத்தா பழைய இரும்புக்குப் போட்டுடுங்க. அந்த ரூம் எனக்கு."

"இந்தம்மாவை என்ன பண்றது?"

"ஊருக்கு வெளியில நம்ம கிளை இருக்குல்ல, அங்க அனுப்பிடலாம். ஆளில்லன்னு கத்திக்கிட்டிருக்காங்க."

அந்தக் கிளைக்கு பஸ் மாறி பஸ் மாறிப் போக வேண்டும். காலையில் போனால் இருட்டித்தான் திரும்ப முடியும். மத்தியானச் சோறு?

"ஓட்டிப் பார்க்கலாம் சார்," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

ஏற்பாடு நடக்கும்போதே சந்தில் ஓடி அண்ணனிடம் பந்தயத்தைச் சொல்லிவிட்டு வந்தாள். முதலில் ஒரு படிக்கட்டின் படம். லேப்டாப் கண்ணை மூடித் திறப்பதற்குள் முடித்துவிட்டது. சர்வர் முக்கி முனகிக்கொண்டிருந்தது.

"பார்த்தீங்களா அத்தான்!"

"இது ஒரு போட்டியா?" என்று சீறினாள். "உங்களுதுக்குள்ள கணக்குப் போட நாலஞ்சு பேர், வேகமா வேலை செய்யறாங்க. இதுல ஒரு பட்டாளமே நிதானமா வேலை செய்யுது. ஒரு காபி போட நாலு பேர் போதும். ஊருக்கே சமைக்கணும்னா பட்டாளம்தான் வேணும். முழுக் கட்டடத்தையும் வீடியோவா குடுங்க, பார்ப்போம்."

கொடுத்தார்கள். லேப்டாப் பாய்ந்து ஓடியது. ஆனால் கொஞ்ச நேரத்தில் அடிப்பக்கம் தோசைக்கல்லாகக் கொதிக்க, வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. இவளுக்கு உள்ளுக்குள் குஷி. மச்சான் சும்மா இருப்பானா? லேப்டாப்பை அப்படியே தூக்கிக்கொண்டு சர்வர் அறைக்குள் வந்து ஏசிக்கு நேராக வைத்தான்.

"இது எந்த ஊர் நியாயம்? இது சர்வருக்குப் போட்ட ஏசி!"

"ரூம் எப்படியும் எனக்குத்தானே வரப்போகுது, விடுங்க."

குளிர்க்காற்று பட்டதும் லேப்டாப் மறுபடி தெம்பாகிவிட்டது. இந்தப் பாழாய்ப்போன சர்வரோ அசைந்து அசைந்து நடந்துகொண்டிருந்தது. எரிச்சலோடு அதன் பின்பக்கம் கையை வைத்தாள். வெந்நீராகச் சுட வேண்டிய காற்று, இளஞ்சூட்டில் பூனை மூச்சு மாதிரி வந்தது. இவ்வளவு பெரிய வேலையில் இது ஏன் வியர்க்கவே இல்லை?

நெற்றியில் அடித்துக்கொண்டாள். பக்கத்து அறையில் முதலாளி சோபா வாங்கிப் போட்ட புதிதில், சாப்பிட்ட பிறகு கண்ணயர முடியவில்லை, அந்தப் பெட்டியின் விசிறிச் சத்தத்தைக் குறை என்று அவளைப் பிடுங்கி எடுத்தார். விசிறியை மட்டும் குறைத்தால் பெட்டி வெந்துவிடும். அதனால் பிராசஸரின் வேகத்தையே பாதியாக அடக்கி வைத்தாள். அவர் சொன்னதை அவர் மறந்தார், செய்ததை இவளும் மறந்தாள். அவர் தூங்குவதற்காக அலுவலகமே இத்தனை காலம் காத்துக் கிடந்திருக்கிறது!

"நான் எப்பம்மா அப்படிச் சொன்னேன்?" என்றார் முதலாளி, அவள் விஷயத்தைப் போட்டு உடைத்ததும்.

"நீங்க சொல்லாம எனக்கென்ன வேண்டுதலா சார்?"

"சரி சரி, அவுத்து விடு. முதல்ல இருந்து ஓட்டு."

அவிழ்த்து விட்டாள். பெட்டி போட்ட இரைச்சலில் கதவு அதிர்ந்தது. முதலாளி காதைப் பொத்திக்கொண்டார். ஏசி காற்றைக் குடித்தும் லேப்டாப்பால் ஈடுகொடுக்க முடியவில்லை. சர்வர் வீடியோவை முடித்தபோது அது பாதியைத் தாண்டித் தவழ்ந்துகொண்டிருந்தது.

"அடேங்கப்பா! ஒத்துக்கறேன் அத்தான், தோத்துட்டேன்," என்றான் மச்சான். இவனிடம் இப்படி ஒரு நல்ல குணமா என்று அவளுக்கே ஆச்சரியம். சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

"சபாஷ்!" என்று முதலாளி மேசையைத் தட்டினார். "இவ்வளவு தெம்பு இருக்கிற பெட்டியை என் தூக்கத்துக்காக அமுக்கி வச்சது தப்புதான். கிளையில பெரிய பெரிய வேலையா குவிஞ்சு கிடக்கு. அங்க கொண்டுபோய் வச்சுடுவோம், இஷ்டத்துக்குக் கத்தட்டும். இங்க இருக்கிற சின்ன வேலைக்கு லேப்டாப் போதும்."

"சார்..."

"நீ இல்லாம அது ஓடாதும்மா, தெரியாதா எனக்கு? நீயும் கூடவே போ. எவ்வளவு பெரிய மரியாதை, பாரு!"

"சார், மத்தியானம் எங்கண்ணனுக்கு..."

அவர் அதற்குள் லாரிக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். தோற்றாலும் கிளை, ஜெயித்தாலும் கிளை. பிறகு எந்த இழவுக்குப் பந்தயம்? அவளுக்கு அந்தப் பெட்டியை ஓங்கி உதைக்க வேண்டும் போலிருந்தது.

பின்கதவைத் திறந்து, சந்து வழியே வீட்டுக்குப் போனாள். அண்ணன் வாசலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"என்னாச்சு? ஜெயிச்சியா இல்லையா?"

"ஜெயிச்சுட்டேன்."

"எனக்குத் தெரியும்டி! யார் தங்கச்சி நீ!" நல்ல கையால் கட்டிலைத் தட்டினார். "இனிமே உன்னை இங்கேருந்து ஒருத்தன் அசைக்க முடியாதுல்ல?"

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"பேசிக்கிட்டே இருந்தா எப்படி? வாயைத் திற," என்று எரிந்து விழுந்தாள்.